கோடை மழைக்குப் பின் எத்தனை சால் உழவு? எவ்வளவு ஆழம்? சேலம், நாமக்கல் செம்மண்ணுக்கு எது நல்லது?

ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நல்ல கோடை மழை பெய்துவிட்டால் போதும். ஓமலூர், எடப்பாடி, ராசிபுரம், சேந்தமங்கலம் என்று சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மேட்டாங்காடுகளில் டிராக்டர் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். வாடகைக்கு டிராக்டர் ஓட்டுபவரின் செல்போன் அன்றைக்கு ஓயாது. நாளைக்குக் காலையிலேயே நம்ம காட்டுக்கு வந்துடணும் என்று ஆளாளுக்கு அழைப்பார்கள்.

இந்த அவசரத்தில் நியாயம் இருக்கிறது. சித்திரை வெயிலில் பெய்த மழையின் ஈரம் மேல்மண்ணில் சில நாட்கள்தான் நிற்கும். அதற்குள் உழாவிட்டால் காடு மறுபடியும் கட்டாந்தரை ஆகிவிடும். ஆனால் எந்தக் கலப்பை, எத்தனை சால், எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்ற முடிவுகளும் இதே அவசரத்தில்தான் எடுக்கப்படுகின்றன. ஆடியில் விதைக்கப்போகும் நிலக்கடலைக்கு அடியில் எவ்வளவு ஈரம் மிஞ்சும் என்பதே அந்த முடிவுகளைப் பொறுத்தது. தப்பாக உழுதால் டீசல் காசும் போகும், மண்ணும் முன்பைவிட இறுகிப்போகும்.

உழவு மண்ணை என்ன செய்கிறது? எப்போது நல்லது செய்கிறது, எப்போது கெடுக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

உழும்போது மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு ஏக்கர் நிலத்தில் மேலே உள்ள அரை அடி மண்ணின் எடை மட்டும் சுமார் 900 டன். ஒரு சால் உழவு என்பது கிட்டத்தட்ட அவ்வளவு மண்ணையும் கிளறிவிடும் வேலை.

மாட்டு ஏர் காலத்தில் இந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. நாட்டுக் கலப்பையில் ஒரு சாலின் அகலம் 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கரை ஒரு தடவை உழுது முடிக்க உழவரும் மாடுகளும் 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதனால் தேவையில்லாமல் இன்னொரு சால் ஓட்ட யாருக்கும் மனசு வராது. டிராக்டரில் ஒரு ஏக்கர் ஒரு மணி நேரத்து வேலை. “இன்னும் ஒரு ஓட்டு ஓட்டிடுங்க” என்று சொல்வது இப்போது சுலபம்.

நல்ல நிலையில் இருக்கும் மண்ணில் பாதிதான் மண். மீதிப் பாதி துளைகள். பெரிய துளைகள் வழியாக மழைநீர் கீழே இறங்கும், காற்று உள்ளே போகும். சின்னத் துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்துகள்களை மக்கும், வேர்களும், பூஞ்சை இழைகளும் சேர்த்துப் பிடித்து சிறு சிறு பருக்கைகளாக வைத்திருக்கின்றன. அந்தப் பருக்கைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் பெரிய துளை.

அறுவடைக்குப் பின் ஆள் நடந்து, மாடு மேய்ந்து, வண்டி ஓடி, மழையும் வெயிலும் மாறி மாறி அடித்து, இந்தப் பெரிய துளைகள் அடைபட்டுப் போகின்றன. கலப்பை அவற்றைத் திரும்பத் திறந்துவிடுகிறது. மண் உப்புகிறது. மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக ஆவதால் மழைநீர் ஓடாமல் தேங்கி நின்று இறங்குகிறது.

இந்தப் பொலபொலப்பு நிரந்தரம் கிடையாது. நாலு மழை அடித்தால் மண் மறுபடி படிந்துவிடும். அது மட்டுமில்லை, ஒவ்வொரு சாலும் கொஞ்சம் பருக்கைகளை உடைக்கிறது. உள்ளே பத்திரமாக இருந்த மக்கு காற்றுக்கு வருகிறது. நுண்ணுயிர்கள் அதைச் சாப்பிட்டுக் கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. மண்புழுக்களின் வளைகளும் அறுந்துபோகின்றன. ஆக, ஒவ்வொரு உழவிலும் வரவும் உண்டு, செலவும் உண்டு. வரவு செலவைவிட அதிகமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம்ம ஊர் செம்மண் ஏன் இப்படி இறுகுகிறது?

சேலம், நாமக்கல் சமவெளியின் பெரும்பகுதி செம்மண். சேர்வராயன் மலை, கொல்லிமலை, போதமலை, கஞ்சமலை எனச் சுற்றி நிற்கும் மலைகளுக்கு நடுவே, பழங்காலப் பாறைகள் சிதைந்து உருவான மண் இது. இரும்பு ஆக்ஸைடுதான் அந்தச் சிவப்பு நிறத்துக்குக் காரணம். பல இடங்களில் ஒன்றிரண்டு அடி தோண்டினாலே சரளை தட்டும்.

கரிசல் மண் ஈரத்தில் உப்பி, காயும்போது ஆழமாக வெடிக்கும். அந்த வெடிப்புகளில் மேல்மண் விழுந்து, அடுத்த மழையில் நனைந்து, மண் தன்னைத்தானே ஓரளவு கிளறிக்கொள்ளும். செம்மண்ணில் இருக்கும் களி பெரும்பாலும் உப்பாத வகை. அது காய்ந்தால் வெடிக்காது, செங்கல் போல இறுகும்.

இன்னொரு சிக்கல், மேல்தோல். பெரிய மழைத்துளி ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையில் வந்து விழுகிறது. வெறும் செம்மண்ணில் அந்த அடி விழும்போது பருக்கைகள் உடைந்து, நுண்துகள்கள் துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்கின்றன. மழை விட்டு வெயில் அடித்ததும் மேலே ஓர் ஓடு மாதிரி காய்ந்துவிடும். கீழே இருந்து முளைக்கும் விதை அதை முட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் திணறும். அடுத்த மழையில் தண்ணீர் இறங்காமல் மேலாக ஓடிவிடும்.

இதனால் எவ்வளவு நஷ்டம்? ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால், விழும் தண்ணீர் ஒரு லட்சம் லிட்டருக்கும் கொஞ்சம் அதிகம். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு லோடுக்கு மேல். நிலம் இறுகிக் கிடந்து அதில் பாதி ஓடிவிட்டால், நாலு லோடு தண்ணீர் ஓடையைப் பார்த்துப் போய்விட்டது என்று அர்த்தம். கிணறும் வாய்க்காலும் இல்லாத மானாவாரிக் காட்டுக்கு அந்த நாலு லோடை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

சித்திரைப் புழுதிக்கு ஏன் இவ்வளவு பெருமை?

சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று ஒரு பழமொழி உண்டு. கோடை உழவின் பலன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அது வெறும் பேச்சு இல்லை என்பது தெரியும்.

முதலில் தண்ணீர். இரண்டு மாவட்டங்களிலும் ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் கோடை மழை பெய்யும். பிறகு தென்மேற்குப் பருவமழை மெல்ல ஆரம்பித்து, செப்டம்பர், அக்டோபரில்தான் மழை உச்சத்துக்குப் போகும். ஆடியில் விதைக்கும் பயிர் ஆரம்ப நாட்களை, மண்ணில் முன்கூட்டியே சேர்ந்த ஈரத்தை நம்பித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. கோடையில் உழுது போட்ட நிலம் அடுத்தடுத்து வரும் மழையை உள்ளே வாங்கிக்கொள்கிறது. மேலே உள்ள புழுதி காய்ந்து, அடி ஈரத்துக்கு ஓரளவு மூடாக்காகவும் நிற்கிறது.

அடுத்து பூச்சி. மானாவாரி நிலக்கடலையை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு, கோடை முழுவதும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகத் தூங்கும். நல்ல மழை பெய்ததும் அந்துப்பூச்சியாக வெளியே வந்து முட்டையிடும். கோடையில் உழுதால் அந்தக் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் காய்கின்றன. டிராக்டருக்குப் பின்னாலேயே வரும் கொக்கு, மைனா, காக்கைகளுக்கு அவை தீனி.

மக்காச்சோளத்திலும் இதே கதைதான். 2018-ல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட படைப்புழு, அந்த ஆண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோள விவசாயிகளைத் திணறடித்தது. ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி பக்கம் மக்காச்சோளம் முக்கியப் பயிர். இந்தப் புழுவும் மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கூட்டுப்புழுவாக மாறுகிறது. அதனால்தான் ஆழமாக உழுது, கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

மூன்றாவது களை. கோரைக் கிழங்கும் அருகம்புல் வேரும் மேலே இழுத்துப் போடப்பட்டு, கடும் வெயிலில் காய வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஈரம் நிறைய இருக்கும்போது ரோட்டாவேட்டர் விட்டால் நடப்பது தலைகீழ். வேர் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாக முளைத்துவிடும்.

நான்காவது சத்து. மண்ணை நன்றாகக் காயவிட்டால் எருவே வேண்டாம் என்ற பொருளில் திருக்குறளின் உழவு அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கிறது. 1958-ல் பிர்ச் என்ற மண் ஆய்வாளர், ஆப்பிரிக்க மண்ணை வைத்து இதோடு தொடர்புள்ள ஒன்றைக் காட்டினார். நன்றாகக் காய்ந்த மண் மறுபடி நனையும்போது நுண்ணுயிர்கள் திடீரென்று வேகமெடுத்து, மக்கைச் சிதைத்து, பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தை வெளியே விடுகின்றன. மண்ணியலில் இதற்கு ‘பிர்ச் விளைவு’ என்று பெயர். கோடை உழவுக்குப் பின் முதல் மழையில் முளைக்கும் பயிர் கரும்பச்சையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்தச் சத்து புதிதாக வந்தது இல்லை. மண் சேர்த்து வைத்திருந்த மக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது. எடுத்துக்கொண்டே இருந்து திரும்பப் போடாவிட்டால் ஒருநாள் தீர்ந்துவிடும். அதே அதிகாரத்தின் அடுத்த குறள், உழுவதைவிட எருவிடுவதை மேலாகச் சொல்கிறது. இரண்டு குறளையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும்.

பதம் பார்ப்பது எப்படி?

உழவில் மிக முக்கியமான விஷயம் கலப்பையோ டிராக்டரின் குதிரைத்திறனோ கிடையாது, பதம்தான். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கும்போது கொழு இறங்குகிறது என்பதை வைத்துத்தான் உழவின் பலன் தீர்மானமாகிறது.

மண் முழுக்கக் காய்ந்திருந்தால் கலப்பை இறங்காது. இறங்கினாலும் பாறாங்கல் மாதிரி கட்டி கட்டியாகப் பெயர்த்துப் போடும். அந்தக் கட்டிகளை உடைக்கவே இன்னும் இரண்டு சால் ஓட்ட வேண்டிவரும்.

மழை பெய்த மறுநாளே சொதசொதவென்று இருக்கும்போது ஓட்டினால் அதைவிட மோசம். ஈர மண்ணில் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நெருங்கிவிடும். டிராக்டர் எடை மட்டுமே சுமார் இரண்டு டன். சக்கரம் போன தடத்தில் துளைகள் நசுங்கும். கொழு போன இடம் பூசி மெழுகியது போல் பளபளக்கும். வெயில் அடித்ததும் அந்தப் பூச்சு அப்படியே இறுகிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது பதம். அதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். அரை அடி ஆழத்திலிருந்து ஒரு கை மண் எடுத்து, உள்ளங்கையில் அழுத்தி உருண்டை பிடிக்க வேண்டும். பிறகு இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்க்க வேண்டும்.

உருண்டை விழுந்து உதிர்ந்தால் பதம் சரி, ஓட்டலாம்.

விழுந்தும் உடையாமல் கட்டியாகக் கிடந்தால் ஈரம் அதிகம், ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் காய்ந்துவிட்டது, அடுத்த மழைக்குக் காத்திருக்கலாம்.

மேல்மண்ணை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மேலே காய்ந்து, அடியில் ஈரம் சொட்டும் காடுகள் உண்டு. கலப்பை எவ்வளவு ஆழம் போகுமோ அந்த ஆழத்து மண்ணை எடுத்துப் பார்ப்பதே சரி.

அடியில் உருவாகும் ‘சிமென்ட் தரை’

வருடா வருடம் ஒரே கலப்பையை ஒரே ஆழத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கொழு போகும் ஆழம் வரை மண் பொலபொலப்பாக இருக்கும். அதற்குச் சரியாகக் கீழே, கொழுவின் அழுத்தமும் சக்கரத்தின் எடையும் சேர்ந்து ஒரு கெட்டித் தளத்தை உருவாக்கும். செம்மண்ணில் மேலிருந்து கரைந்து இறங்கும் களியும் இரும்பும் அந்தத் தளத்தை இன்னும் இறுக்கும்.

இப்போது பரவலாக ஓடும் ஒன்பது கொத்துக் கலப்பையும் ரோட்டாவேட்டரும் பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ. வரைதான் இறங்குகின்றன. ரோட்டாவேட்டர் ஓட்டிய காடு பார்க்க அழகாக இருக்கும். மாவு மாதிரி, கட்டியே இல்லாமல். அந்த மாவுதான் செம்மண்ணில் பிரச்சினை. முதல் பெருமழையில் அது கரைந்து, மேலே ஓடாகக் காய்கிறது. கீழே கெட்டித் தளம், மேலே ஓடு, நடுவில் அரை அடி மண். பயிர் அதற்குள்தான் வாழ வேண்டும்.

விளைவு வயலில் நேராகவே தெரியும். மழை பெய்தால் இந்த அரை அடி சீக்கிரம் நிரம்பித் தண்ணீர் தேங்கும். பத்து நாள் மழை இல்லை என்றால் வேர் கீழே போக வழியில்லாமல் பயிர் வாடும். ஒரே காடு ஒரே மாதத்தில் தண்ணீர் தேங்கவும் செய்யும், வறட்சியில் காயவும் செய்யும்.

கெட்டித் தளம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. நன்றாக மழை பெய்து மண் நனைந்திருக்கும்போது, முனை கூரான ஒரு இரும்புக் கம்பியைக் கையால் அழுத்தி இறக்கிப் பார்க்கலாம். சுலபமாக இறங்கிய கம்பி பல இடங்களிலும் ஒரே ஆழத்தில் சட்டென்று நின்றால் அங்கே தளம் இருக்கிறது. இன்னொன்று, அறுவடை முடிந்த ஆமணக்கு, பருத்தி, துவரைச் செடிகளை வேரோடு தோண்டிப் பார்ப்பது. ஆணிவேர் நேராக இறங்காமல் ஓர் இடத்தில் முழங்கை மாதிரி மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு மருந்து உளிக் கலப்பை. இது மண்ணைப் புரட்டாது, சுமார் ஒன்றேகால் அடி ஆழத்துக்குக் கீறிவிடும். அரை மீட்டர் இடைவெளியில் முதலில் ஒரு திசையிலும், பிறகு அதற்குக் குறுக்காகவும் ஓட்ட வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கூடவே ஹெக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன் தொழுஉரம் அல்லது மக்கிய தென்னைநார்க் கழிவு இடச் சொல்கிறது. உரம் இல்லாமல் கீறல் மட்டும் போட்டால் சில மழைக்குள் மண் திரும்ப மூடிக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உளிக் கலப்பைக்கு விதி மாறும். இதை மண் ஓரளவு காய்ந்திருக்கும்போதுதான் ஓட்ட வேண்டும். அப்போதுதான் தளம் நொறுங்கி விரிசல் விடும். ஈரத்தில் ஓட்டினால் வெண்ணெயில் கத்தி போன மாதிரி ஒரு கோடு மட்டும்தான் விழும்.

எந்தப் பயிருக்கு எப்படி?

நிலக்கடலை: பூத்தபின் ஊசி போன்ற காம்பு ஒன்று மண்ணுக்குள் இறங்கி, அங்கேதான் காய் பிடிக்கும். மேல்மண் இறுகியிருந்தால் ஊசி இறங்காது. இறங்கினாலும் பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். எனவே மேல் நாலைந்து அங்குலம் பொலபொலப்பாக இருப்பது முக்கியம். மாவாக இருக்க வேண்டியதில்லை.

மரவள்ளி: சேலத்தின் ஜவ்வரிசித் தொழிலுக்கு ஆதாரமான பயிர். இதற்கென்றே ஏத்தாப்பூரில் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிழங்கு பருக்க ஓர் அடி ஆழத்துக்காவது இளகிய மண் வேண்டும். ஆழ உழவின் பலன் இங்கே கிழங்கின் எடையிலேயே தெரியும். ஆனால் மரவள்ளி நட்டபின் இலை விரிந்து தரையை மூட மூன்று மாதம் போல ஆகும். அதுவரை உழுத மண் மழைக்கு வெறுமனே கிடக்கும். அறுவடையிலும் கிழங்கைத் தோண்டும்போது மண் இன்னொரு முறை கிளறப்படுகிறது. அதனால் பார்களைச் சரிவுக்குக் குறுக்காகப் போடுவதும், இடையில் உளுந்து, தட்டைப்பயறு போன்றவற்றை ஊடுபயிராக விடுவதும் மண்ணைக் காப்பாற்றும்.

நெல்: மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்கள், ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜா வாய்க்கால் ஆகியவற்றில் பாயும் வயல்களில் கணக்கே வேறு. சேற்றுழவில் பருக்கைகளை வேண்டுமென்றே உடைக்கிறார்கள். துளைகள் அடைபட்டால்தான் தண்ணீர் கீழே இறங்காமல் வயலில் நிற்கும். மேட்டாங்காட்டில் வில்லனாக இருக்கும் கெட்டித் தளம் நெல் வயலில் நண்பன். அதே வயலில் அடுத்து உளுந்தோ மக்காச்சோளமோ போட நினைத்தால், அங்கேயும் அந்தத் தளம் தொந்தரவாக மாறிவிடும்.

சரிவு தெரிந்து ஓட்டாவிட்டால்?

சேலம், நாமக்கல் நிலம் சமவெளி என்று சொன்னாலும், மலையடிவாரத்திலிருந்து ஓடை, ஆறுகளை நோக்கி மெல்லச் சரிந்து போகும் நிலம்தான். திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி ஆகியவற்றில் பெருமழைக்குப் பின் ஓடும் செந்நிறத் தண்ணீர், மேலே இருக்கும் காடுகளின் மண்ணையும் சுமந்துகொண்டுதான் போகிறது.

காடு நீளவாக்கில் சரிந்திருந்தால், டிராக்டர் திரும்பும் சிரமத்தைக் குறைக்க மேலிருந்து கீழாக ஓட்டிவிடுவது உண்டு. அப்போது ஒவ்வொரு சாலும் ஒரு குட்டி வாய்க்கால். குறுக்காக ஓட்டினால் அதே சால் ஒரு குட்டி வரப்பு. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மேல்மண் மட்டும் போனாலே ஐந்தரை டன்னுக்கு மேல் இழப்பு. கிட்டத்தட்ட இரண்டு டிராக்டர் டிரெய்லர் லோடு. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் போன வருஷம் போட்ட எருவும் இருக்கிறது. திசையை மாற்றி ஓட்டுவதற்குப் பெரிதாக எந்தக் கூடுதல் செலவும் கிடையாது.

உழாமலே விதைத்தால் என்ன?

உழவே வேண்டாம் என்ற வாதமும் உலகம் முழுக்க வலுவாக இருக்கிறது. அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் காலம் காலமாக இருந்த புல்வெளிகளை உழுது கோதுமை போட்டார்கள். 1930-களில் தொடர் வறட்சி வந்தபோது மண்ணைப் பிடித்து வைக்க வேர் இல்லாமல், புழுதி மேகமாக எழுந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புழுதிப் புயலை ‘கறுப்பு ஞாயிறு’ என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். அதே மாதத்தில் அந்நாட்டில் மண் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமும் துறையும் வந்தன. 1943-ல் எட்வர்ட் ஃபாக்னர் என்பவர் இறக்கைக் கலப்பையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் புத்தகம் எழுதினார். இன்று பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த வயலில் உழாமலே கோதுமை விதைக்கும் இயந்திரங்கள் ஓடுகின்றன. டீசல் மிச்சம், நாளும் மிச்சம்.

அப்படியானால் சேலத்திலும் செய்யலாமே? இங்கேதான் மண்ணும் மாடும் குறுக்கே நிற்கின்றன. உழாத சாகுபடிக்கு அடிப்படை, அறுவடைக் கழிவு தரையை மூடிக் கிடக்க வேண்டும் என்பது. அந்த மூடாக்குதான் மழைத்துளியின் அடியை வாங்கிக்கொள்ளும். இந்தப் பகுதியில் சோளத்தட்டும் கடலைக்கொடியும் மாட்டுத் தீவனம். பால் மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கோடையில் அவை காசு கொடுத்தாலும் கிடைக்காத பொருள். தரையில் விட்டுவிடுங்கள் என்று சொல்வது சுலபம், செய்வது கஷ்டம்.

மூடாக்கும் இல்லாமல் உழவும் இல்லாமல் செம்மண்ணை விட்டால், அது ஓடு கட்டி மழையைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே இப்போதைக்கு இந்த மண்ணுக்குப் பொருந்துவது, உழவை அறவே விடுவதைவிடத் தேவையில்லாத உழவை விடுவதுதான். சொட்டுநீரில் மஞ்சள், காய்கறி, தென்னை வைத்திருப்பவர்கள் மூடாக்குப் போட்டு இடைஉழவைக் குறைக்க வாய்ப்பு அதிகம். மானாவாரியில் ஒரு பகுதி காட்டில் கொள்ளு விதைத்துத் தரையை மூடி வைப்பது ஓர் ஆரம்பம்.

அரசு உதவி என்ன இருக்கிறது?

கோடை உழவை ஊக்குவிக்க ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் மானியம், 3 லட்சம் ஏக்கருக்கு 24 கோடி ரூபாய் ஒதுக்கீடு என்று தமிழ்நாடு அரசின் 2025-26 வேளாண் பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. ஏக்கருக்குக் கணக்கிட்டால் 800 ரூபாய். முழு உழவுச் செலவையும் இது ஈடுகட்டிவிடாது என்றாலும் சிறு விவசாயிக்கு ஒரு கைகொடுப்பு. நடப்பு ஆண்டில் யாருக்குக் கிடைக்கும் என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

டிராக்டர், உளிக் கலப்பை போன்றவற்றை வேளாண்மைப் பொறியியல் துறை ‘இ-வாடகை’ செயலி மூலம் வாடகைக்கு விடுகிறது. உளிக் கலப்பை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தேவைப்படும் கருவி என்பதால், சொந்தமாக வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதோ, பக்கத்துக் காட்டுக்காரர்கள் சேர்ந்து எடுப்பதோ லாபம். பயிருக்கு ஏற்ற உழவு ஆலோசனைக்குச் சேலம் சந்தியூரிலும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன.

அடுத்த மழைக்கு முன் என்ன செய்யலாம்?

மழைக்கு முன்பே செய்யக்கூடிய வேலை, காட்டின் சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வது. டிராக்டர் வந்து நின்றபின் யோசித்தால் ஓட்டுநருக்குச் சௌகரியமான திசைதான் உழவின் திசையாக ஆகும். மழை பெய்த பின் முதல் வேலை உருண்டை பிடித்துப் பதம் பார்ப்பது, கம்பி இறக்கித் தளம் இருக்கிறதா என்று பார்ப்பது. தளம் இருந்தால், நிலம் காய்ந்தபின் உளிக் கலப்பைக்குச் சொல்லி வைக்கலாம். இல்லையென்றால் கொத்துக் கலப்பையில் சரிவுக்குக் குறுக்கே ஒரு சால், கட்டிகள் கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம். அந்தக் கட்டிகள் அடுத்த மழையைப் பிடித்து வைக்கும், பெரும்பாலும் அந்த மழையிலேயே உதிர்ந்தும் விடும்.

விதைப்புக்கு முன் மண்ணைச் சன்னமாக்க இன்னொரு சால் எப்படியும் ஓட்டத்தான் வேண்டும். இரண்டுக்கும் நடுவில், காடு பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக ஓட்டும் அந்த ரோட்டாவேட்டர் சாலை மட்டும் தயங்காமல் விட்டுவிடலாம். அதற்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் வரும் எரு, அது கொஞ்சமே என்றாலும், அந்த மண்ணில் அதிக நாள் நிற்கும்.